காபி பயிரிடப் போனவர் ‘சிலோன் டீ’யின் தந்தையானது எப்படி? யார் இந்த ஜேம்ஸ் டெய்லர்?

காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலம் நடக்கும்போதும் சரி, எண்ணூர், மணலி தொழிற்சாலைகளில் நைட் ஷிப்ட் முடியும்போதும் சரி, வடசென்னைக்காரர் கையில் இருப்பது டீ கிளாஸ்தான். வீட்டில் ஃபில்டர் காபி இருக்கலாம். ரோட்டில் டீதான் ராஜா.

ஆனால், 170 வருஷத்துக்கு முன்னால் தமிழ்நாட்டில் இருந்து கூட்டம் கூட்டமாகக் கடல் தாண்டிப் போனவர்கள் டீ இலை பறிக்கப் போகவில்லை. காபிப் பழம் பறிக்கத்தான் போனார்கள். அந்தக் காபி அழிந்து, அதே மலையில் டீ வந்தது. அந்த மாற்றத்தின் நடுவில் நிற்கும் பெயர் ஜேம்ஸ் டெய்லர்.

1835-ல் ஸ்காட்லாந்தின் கின்கார்டின்ஷயரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அம்மா இறந்துவிட்டார். 16 வயதில், இலங்கைக் காபி தோட்டத்தில் மூன்று வருட வேலைக்கு ஒப்பந்தம் போட்டார். 1852 பிப்ரவரியில் கொழும்பில் வந்து இறங்கினார். கண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் லூல்கந்துர தோட்டத்துக்கு அனுப்பப்பட்டார். நம்ம ராயபுரம் ஸ்டேஷனில் இருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பியது 1856-ல். அப்போதே டெய்லர் அந்த மலையில் நாலு வருஷ சீனியர்!

காபி தோட்டத்தில் என்ன வேலை?

முதலில் காட்டை வெட்டி எரிக்க வேண்டும். பிறகு சரிவில் குழி தோண்டி நாற்று நட வேண்டும். பழம் சிவந்ததும் கையால் பறித்து, இயந்திரத்தில் தோலை நீக்கி, கொட்டையைத் தொட்டியில் புளிக்கவிட்டு, கழுவி, களத்தில் காய வைப்பார்கள். காய்ந்ததை மாட்டு வண்டியில் கொழும்புக்கு ஏற்றுவார்கள். கொட்டையைத் தரம் பிரிப்பது அங்கிருந்த ஆலைகளில் பெண்களின் வேலை.

இதில் ஒரு விஷயம் ரொம்ப முக்கியம். காபிக்கு அதிக ஆள் தேவைப்படுவது அறுவடை மாதங்களில் மட்டும்தான். அதனால் திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம், சேலம் பக்கத்துக் கிராமத்து மக்கள், ஊரில் நெல் வேலை குறையும் நேரத்தில் போய்ப் பழம் பறித்துவிட்டுத் திரும்பினார்கள். படகில் மன்னார், அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரை சுமார் 200 கிலோமீட்டர் நடை. காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். கூட்டி வந்த கங்காணியிடம் வாங்கிய முன்பணம் கடனாகக் கழுத்தைச் சுற்றியது. அந்தக் கடனை எழுதிய சீட்டுக்குத் ‘துண்டு’ என்று பெயர். ஆளை வேறு தோட்டத்துக்கு மாற்றினால் கடனும் கூடவே போகும். தோட்டத்து உலகில் டெய்லர் மாதிரி வெள்ளைக்காரர் எல்லோரும் ‘துரை’தான்.

1867: 19 ஏக்கர் சோதனை

டெய்லர் சும்மா இருக்கிற ஆள் இல்லை. மலேரியா மருந்துக்கான சின்கோனாவை நட்டுப் பார்த்தார், வெற்றி கிடைத்தது. 1867-ல் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். கண்டிக்கு ரயில் வந்ததும் அதே வருஷம்தான். அந்த ரயில் பாதையே காபியை நம்பிப் போட்டது. அப்போது யாருக்கும் தேயிலை மேல் நம்பிக்கை இல்லை.

இரண்டே வருஷத்தில் காட்சி மாறியது. 1869-ல் காபி இலையின் அடியில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் தெரிந்தன. இலைத் துரு எனப்படும் பூஞ்சை நோய் அது. இலை கொட்டும், செடி நோஞ்சானாகும், விளைச்சல் போகும். மலைக்கு மலை ஒரே பயிர் என்பதால், காற்றில் பறந்த பூஞ்சை விதைகளுக்குத் தடையே இல்லை. 1880-ல் இங்கிலாந்தில் இருந்து வந்து இரண்டு வருஷம் ஆராய்ந்த மார்ஷல் வார்டு என்ற விஞ்ஞானி, நோய் பரவும் விதத்தைக் கண்டுபிடித்தார், மருந்து கிடைக்கவில்லை. 1870-களில் சுமார் 2.75 லட்சம் ஏக்கரில் இருந்த காபி, அந்த நூற்றாண்டு முடியும்போது பேருக்குத்தான் மிஞ்சியது. துரைகள் பலர் திவாலாகி ஊருக்குக் கப்பல் ஏறினார்கள்.

டெய்லரிடம் மட்டும் மாற்று வழி தயாராக இருந்தது. ஆரம்பத்தில் அவருடைய பங்களா வராந்தாதான் ஃபேக்டரி. மேசையில் போட்டுக் கையால் இலையைச் சுருட்டி, கரி அடுப்பில் வாட்டினார்கள். 1872-ல் முழு வசதியோடு டீ ஃபேக்டரி. அடுத்த வருஷம் லண்டனுக்குப் போன சரக்கு வெறும் 23 பவுண்டு, அதாவது 10 கிலோ சொச்சம். 1890-ல் இலங்கையின் ஏற்றுமதி 22,000 டன்னைத் தாண்டியது.

டெய்லர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 40 வருஷத்தில் ஒருமுறைகூட ஸ்காட்லாந்து போகவில்லை. 1874-ல் ஒரே ஒரு லீவு, அதுவும் டார்ஜிலிங்குக்கு டீ பார்க்க! கடைசியில் தோட்ட நிர்வாகமே அவரை விலகச் சொன்னது. 1892 மே 2-ல், 57 வயதில், வயிற்றுப்போக்கால் லூல்கந்துரயிலேயே இறந்தார். கனத்த உடம்பு. தொழிலாளர்கள் மாறி மாறித் தோள் கொடுத்து, மலையிறங்கிக் கண்டிக் கல்லறை வரை சுமந்து போனார்கள்.

சுமந்தவர்களுக்கு என்ன ஆனது?

டெய்லர் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் பகுதி இது. டீக்கு சீசன் கிடையாது. வருஷம் முழுக்க, சில நாளுக்கு ஒருமுறை கொழுந்து எடுத்தே ஆக வேண்டும். வந்து போய்க்கொண்டிருந்தவர்கள் குடும்பத்தோடு லயன் வீடுகளில் தங்கிவிட்டார்கள். பெண்கள்தான் கொழுந்து பறிக்கும் முக்கியக் கை ஆனார்கள். தலைமுறைகள் அங்கேயே பிறந்தன.

இலங்கை சுதந்திரம் அடைந்த 1948-லேயே புதுக் குடியுரிமைச் சட்டம் வந்தது. மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், இந்தியாவுக்கு 5.25 லட்சம் பேர், இலங்கைக்கு 3 லட்சம் பேர் என்று பிரித்தது. மிச்சம் 1.5 லட்சம் பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டார்கள். திரும்பி வந்தவர்கள் பலர் நீலகிரியில் மறுபடியும் தேயிலைத் தோட்டத்துக்கே போனார்கள். இலங்கையில் குடியுரிமை இல்லாமல் மிஞ்சியவர்களுக்கான சட்டம் 2003-ல்தான் வந்தது.

டெய்லர் முதலில் தேயிலை நட்ட இடம் லூல்கந்துரயில் ‘7-ம் நம்பர் மலை’ என்று இன்றும் இருக்கிறது. டூரிஸ்ட்டுகள் போய்ப் பார்க்கிறார்கள். நாள் சம்பளம் 1,000 ரூபாய் என்ற மலையகத் தொழிலாளர்களின் கோரிக்கை நிறைவேற 2021 ஆகிவிட்டது.