மண் ரோட்டில் பஸ் ஓட்டியவர் பெயரில் 10 கி.மீ. மேம்பாலம்: யார் இந்த ஜி.டி.நாயுடு?

வீக் எண்டுக்கு வால்பாறை, ஆனைகட்டி பக்கம் ஜீப்பைக் கிளப்பும் கோவை இளைஞர்கள் ஒரு வாரம் முன்னாடியே ஆரம்பிக்கும் சண்டை இது: ஆல் டெரெய்ன் டயரா, மட் டெரெய்ன் டயரா? மட் டெரெய்ன் சேற்றைக் கவ்வி இழுக்கும். ஆனால் தார் ரோட்டில் இரைச்சல், மைலேஜும் அடி வாங்கும். திங்கட்கிழமை அதே வண்டியில் ஆபீஸ் போகிறவருக்கு ஆல் டெரெய்னே போதும்.

அந்த ஆபீஸ் ரூட் பலருக்கு அவிநாசி ரோடு மேம்பாலம்தான். உப்பிலிபாளையத்தில் ஏறினால் கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர். 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட அந்தப் பாலத்துக்கு ஜி.டி.நாயுடு என்று பெயர். டயரில் சாய்ஸே இல்லாத காலத்தில், பொள்ளாச்சி பக்கம் பஸ் ஓட்டிய மனுஷர் அவர்.

300 ரூபாய் பைக்

கோபாலசாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23 அன்று கோவை அருகே கலங்கல் கிராமத்தில் பிறந்தார். சின்ன வயதிலேயே அம்மாவை இழந்தவர். பள்ளிக்கூடம் ஒட்டவே இல்லை.

ஊருக்கு வந்த ஒரு வெள்ளைக்கார வருவாய்த் துறை அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிள்தான் வாழ்க்கையைத் திருப்பியது. மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஓடும் வண்டியை அந்தப் பையன் அப்போதுதான் பார்க்கிறான். கோவைக்கு வந்து ஹோட்டலில் சர்வர் வேலை. சுமார் மூன்று வருஷம் காசு சேர்த்து, அதே அதிகாரியிடம் 300 ரூபாய் கொடுத்து அதே வண்டியை வாங்கினார். ஜாலியாக ஒரு ரவுண்டு போவார் என்றுதானே நினைப்போம்? அவர் வண்டியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டார். பிறகு தானே பூட்டினார். அவர் படித்த இன்ஜினியரிங் காலேஜ் அதுதான்.

பொள்ளாச்சி டு பழனி

1920-ல் ஒரே ஒரு பஸ். பொள்ளாச்சியிலிருந்து உடுமலை வழியாகப் பழனி, சுமார் 60 கிலோமீட்டர். டிரைவர் சீட்டிலும் அவரேதான்.

அன்றைய ரோட்டை நினைத்துப் பாருங்கள். மாட்டு வண்டிச் சக்கரம் அறுத்த தடம், மழை பெய்தால் சேறு, வெயிலில் புழுதி. மாட்டு லாடத்திலிருந்து கழன்று விழுந்த ஆணி எங்கே டயரில் ஏறும் என்று சொல்ல முடியாது. பஞ்சர் என்றால் நடு வழியில் பயணிகளை இறக்கிவிட்டுச் சக்கரத்தைக் கழற்ற வேண்டியதுதான். டயர் கப்பலில் வந்து இறங்கும் சரக்கு. வங்கத்தின் சாகாகஞ்சில் டன்லப் ஆலை வந்ததே 1936-ல்தான். ரோட்டுக்கு ஏற்ற டயர் என்ற பேச்சுக்கே இடமில்லை, கிடைத்த டயருக்கு ஏற்றபடி ஓட்ட வேண்டும். இந்த நிலைமையில் பழுதைத் தானே சரி பார்க்கத் தெரிந்த முதலாளி என்பது பெரிய பிளஸ்.

ஒரு பஸ் பல பஸ் ஆனது. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், கொங்குப் பக்கத்துப் பெரியவர்கள் வாயில் யு.எம்.எஸ். 1933 வாக்கில் அதில் சுமார் 280 பஸ்கள். சொந்த ஒர்க்‌ஷாப்பிலிருந்து 1937-ல் இந்தியாவிலேயே தயாரான மின் மோட்டார் வெளிவந்தது. இன்று ஊர் ஊராக ஓடும் கோவை பம்ப்செட்டுகளின் முன்கதையில் அந்த மோட்டாருக்கு முக்கிய இடம் உண்டு. எலெக்ட்ரிக் ரேசர், மெல்லிசான பிளேடு, மண்ணெண்ணெயில் ஓடும் ஃபேன் என்று லிஸ்ட் நீளும். வாட்ஸ்அப்பில் சுற்றும் கதைகள் பெரும்பாலும் இந்த லிஸ்ட்டோடு நின்றுவிடுகின்றன. அதைவிட முக்கியமானது ஒரு கார்.

ரோட்டுக்கு வராத கார்

1952-ல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் காரை உருவாக்கினார். விலை 2,000 ரூபாய். அரசு லைசென்ஸ் தரவில்லை. உற்பத்தி அங்கேயே நின்றது.

ஏன்? 1951-ன் தொழில்கள் சட்டப்படி, எந்தப் பெரிய ஆலை எதைத் தயாரிக்கலாம் என்பதை முடிவு செய்யும் அதிகாரம் டெல்லி கையில் இருந்தது. அந்நியச் செலாவணியும் இரும்பும் தட்டுப்பாடு. சில கம்பெனிகள் மட்டும் கார் செய்தால் போதும் என்பது அன்றைய எண்ணம். 1953-ல் வந்த கட்டுப்பாடுகளுக்குப் பிறகு ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும்கூட மூட்டை கட்டின. டெல்லி தரப்பிலும் ஒரு கணக்கு இருந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனாலும் சின்னக் கார், சாதாரண ஆள் வாங்கும் விலை என்ற யோசனைக்கு ஒரு வாய்ப்புகூடக் கொடுக்காதது நஷ்டம்தான். டாடா நானோ அறிமுகமானது 2008-ல். நடுவில் 56 வருஷம்.

கல்வியிலும் இதே மல்லுக்கட்டு. 1945-ல் கோவையில் பாலிடெக்னிக் தொடங்க நன்கொடை கொடுத்தார். வருஷக்கணக்கில் வகுப்பில் உட்கார வைப்பதைவிடக் குறைந்த காலத்தில் பட்டறைப் பயிற்சி கொடுக்கலாம் என்பது அவர் கட்சி. அரசு ஒப்பவில்லை. அவர் பொறுப்பிலிருந்து விலகினார்.

1974 ஜனவரி 4 அன்று காலமானார். பழைய கார் பிரியர்களுக்காக அவரது குடும்ப அறக்கட்டளை நடத்தும் ஜி.டி. கார் மியூசியம் 2015 முதல் அதே அவிநாசி ரோட்டில் இருக்கிறது. பாலத்தில் ஏறிவிட்டால் கண்ணில் படாது. பார்க்க வேண்டும் என்றால் கீழே, சிக்னல் ரோட்டில்தான் போக வேண்டும்.