மேதையின் நோய்ப்படுக்கை

கல்முனையில் எனக்குப் பழக்கமான ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். இஸ்லாமியச் சகோதரர். பல வருடங்களாக ஈரல் வருத்தத்தோடு காலம் தள்ளுகிறார். தம் வாழ்நாளில் ஒரு துளி மதுவைத் தொட்டவரல்லர். ஆயினும் ஈரல் என்ற சொல்லைக் கேட்டதும் சனங்களின் நினைவு எங்கே ஓடும் என்பது நாம் அறிந்ததே. நோவைவிட அந்தப் பார்வையே தம்மை வாட்டுகிறது என்பது அவருடைய குறை. அதற்கு அடுத்தது களைப்பு. முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாலே, நாள் முழுதும் வயலில் நின்றவர் போலச் சோர்ந்துவிடுகிறார். பார்க்க வருகிறவர்களோ, எழும்பி நாலடி நடந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று புத்தி சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

அண்மையில் அவரைக் காணச் சென்றபோது பேச்சு சீனிவாச இராமானுஜன் பக்கம் திரும்பியது. முப்பது வருடங்களாக அந்தப் பெயரைச் சொல்லிப் பிள்ளைகளை ஊக்கியவர் மாஸ்டர். இராமானுஜனைக் கொண்டுபோனது சயரோகம் என்றுதான் அவர் படிப்பித்தார். நானும் அப்படித்தான் படித்தேன். அது ஈரல் நோயாகவே இருந்திருக்க வேண்டும் என்று பிற்கால ஆய்வொன்று கூறுவதை நான் சொன்னதும், தலையணையில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்று அவருக்குச் சொன்னதையே சற்று ஒழுங்குபடுத்தி வாசகர்களுக்கும் தருகிறேன்.

இராமானுஜன் 1887 டிசம்பர் 22ஆம் திகதி ஈரோட்டில், தாயின் பிறந்தகத்தில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். தகப்பனார் புடவைக் கடையில் கணக்கெழுதுபவர். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பாடுகிறவர். இரண்டு வயதில் அம்மை கண்டு பிழைத்தார். பள்ளியில் பரிசுகள் பெற்ற பிள்ளை, கல்லூரியில் கணக்கைத் தவிர வேறு எதையும் ஏறெடுத்தும் பாராமல் உதவிப்பணத்தை இழந்தார்; பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் தேறவில்லை. இந்தக் கதை யாவரும் அறிந்தது. அதில் நான் தங்கப்போவதில்லை. அதிகம் பேசப்படாத ஒன்றைச் சொல்ல வேண்டும். 1906இல், பச்சையப்பனில் படித்த நாளில், அவருக்கு வயிற்றுளைவு கண்டது. படிப்பை நிறுத்திவிட்டு வீடு திரும்பினார். சில மாதங்களில் தேறினார். சீதமும் இரத்தமுமாய்ப் போகும் அந்த நோய் அக்காலத்தில் எந்த வீட்டிலும் வரக்கூடியது. வந்தது, போனது என்று மறந்துவிட்டார்கள்.

1909இல் ஜானகி என்ற பத்து வயதுச் சிறுமியை அவருக்கு மணம் முடித்து வைத்தார்கள். அடுத்த வருடம் ஓதநோய்க்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. வீட்டில் பணமில்லை, வைத்தியர் ஒருவர் இலவசமாகச் செய்தார். 1912இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுதுவினைஞரானார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். 1914 மார்ச்சில் கப்பலேறி, ஏப்ரலில் இலண்டன் போய்ச் சேர்ந்தார். ஆகஸ்டில் முதலாம் உலகப் போர் மூண்டது.

போர்க்காலம். மரக்கறிக்குத் தட்டுப்பாடு. மாமிசம் தொடாத வைணவப் பிராமணர் திரித்துவக் கல்லூரியின் பொதுப் பந்தியில் அமர முடியாமல், தம் அறையிலேயே சமைத்துக்கொண்டார். கணக்கில் இறங்கினால் இரவு பகல் தெரியாது. பசி வந்தபோது சமைப்பார், உடல் ஓய்ந்தபோது தூங்குவார். மூன்று வருடம் இப்படிப் போயிற்று. 1917இன் வசந்த காலத்தில் படுத்தார்.

இங்கிருந்துதான் மாஸ்டர் கூர்ந்து கேட்கத் தொடங்கினார்.

விட்டுவிட்டு வரும் காய்ச்சல். மெலிந்துகொண்டே போகும் உடல். ஒரு வைத்தியர் இரைப்பைப் புண் என்றார். பலர் சயரோகம் என்றனர். பிறகு இரத்தத்தில் ஏதோ நஞ்சு என்றும் சொல்லப்பட்டது. இலண்டனில் ஒரு நிபுணர் 1910ஆம் ஆண்டுச் சத்திரசிகிச்சையைப் பற்றிக் கேட்டறிந்து, அன்று அகற்றியது புற்றாக இருந்து இப்போது ஈரலுக்குப் பரவியிருக்குமோ என்று ஐயுற்றார். மாதங்கள் சென்றும் நோயாளி அந்த அளவுக்கு மோசமடையாததால் அந்த எண்ணம் கைவிடப்பட்டது. ஆக, ஈரல்வரை கை போயிருக்கிறது. அங்கே என்ன இருக்கிறது என்பது மட்டும் பிடிபடவில்லை. தன் நோய்க்குப் பெயர் தெரியாமல் படுத்திருப்பது தனி வேதனை. நோயாளிகளைச் சந்திக்கப் போகும் குருக்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

சயரோகம் என்று கொண்டதால் சயரோக வைத்தியசாலைகளுக்கு அனுப்பினார்கள். முதலில் மெண்டிப் மலைப்பகுதியில் ஒன்று. அதை நடத்தியவர் சௌரிமுத்து என்ற தமிழ் வைத்தியர். பின்னாளில், 1928இல், தாம்பரம் சயரோக வைத்தியசாலையை நிறுவியவரும் அவரே. நம் வீடுகளில் வழங்கும் சவரிமுத்து என்ற பெயர்தான் அது. அங்கிருந்து 1917இன் பிற்பகுதியில் மாட்லொக் என்ற இடத்துக்கு மாற்றப்பட்டார். அந்நாளில் சயரோகத்துக்கு மருந்தில்லை. குளிர்ந்த திறந்த காற்றே மருந்து. மாரிகாலத்திலும் யன்னல்களைத் திறந்து வைப்பார்கள். காவிரிக்கரைப் பிள்ளை அங்கே நடுங்கிக்கொண்டு கிடந்தார். சாப்பாடும் பிடிக்கவில்லை, அதைப்பற்றி முறையிட்டுக்கொண்டே இருந்தார். வருத்தக்காரருக்கு வாய் கசக்கும், மனமும் சேர்ந்து கசக்கும். முரண்டு பிடிப்பவர் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் இதை எண்ணியிருக்கலாம்.

அந்தக் குளிரிடத்தில் அவர் கண்டுபிடித்த வழிதான் என் உள்ளத்தைத் தொட்டது. வைத்தியசாலையிலிருந்து ஹார்டிக்கு எழுதிய கடிதமொன்றில் அதைக் கூறியிருக்கிறார். கட்டடத்தில் குளியலறைகள் மட்டும் நன்றாகச் சூடேற்றப்பட்டிருந்தன. தினமும் பேனாவும் தாளும் எடுத்துக்கொண்டு அதில் ஒன்றுக்குள் போய் ஏறத்தாழ ஒரு மணி நேரம் கணக்குப் பார்ப்பதென்று தீர்மானித்தார். கேம்பிரிட்ஜில் ஒரே மூச்சில் இரவு பகலாய் உழைத்த மனிதர் இப்போது தம் பலத்துக்கு எட்டியதை அளந்துகொண்டார். முழு நாளும் இயலாது, ஒரு மணி நேரம் இயலும். அதற்குச் சூடான ஓரிடம் வேண்டும்.

அந்த நோய்க்காலத்தில் விளைந்ததில் ஒன்றைப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். 4 என்ற எண்ணை எத்தனை வகையாகக் கூட்டிப் பெறலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. ஆக 5 வகை. 9ஐ 30 வகையாகவும், 14ஐ 135 வகையாகவும் பெறலாம். 4இல் தொடங்கி ஐந்தைந்தாய்க் கூட்டிப் போனால் வகைகளின் எண்ணிக்கை எப்போதும் 5ஆல் மீதியின்றிப் பிரியும். இதை நிறுவிய அவருடைய கட்டுரை 1919இல் அச்சாயிற்று.

ஆனால் எல்லா நாளும் அந்த ஒரு மணி நேரம் கிடைத்துவிடவில்லை. வீட்டிலிருந்து கடிதம் வருவதும் குறைந்துவிட்டது. கும்பகோணத்தில் மாமிக்கும் மருமகளுக்கும் ஒத்துப்போகவில்லை. ஜானகியின் கடிதங்கள் அவர் கைக்கு வந்து சேரவில்லை. 1918இன் தொடக்கத்தில் ஒருநாள் அவர் இலண்டனில் நிலத்தடி ரயிலின் முன்னே உயிரை விடப் பார்த்தார். வண்டி சில அடி தூரத்தில் நிறுத்தப்பட்டது. முழங்காலுக்குக் கீழே காயத்தோடு தப்பினார். பொலிசார் பிடித்தனர். ஹார்டி ஓடிவந்து மீட்டார். இதை மறைக்காமல் எழுதக் காரணமுண்டு. நெடுநாள் நோவும் தனிமையும் சேர்ந்தால் எவ்வளவு பெரிய அறிவும் தளரும். அப்படித் தளர்ந்தவரை நாம் தீர்ப்பிடத் தேவையில்லை. பக்கத்தில் போய் உட்கார வேண்டும்.

அதே வருடம் மே மாதம் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார். ஒக்டோபரில் திரித்துவக் கல்லூரியும் அவரைத் தன் உறுப்பினராக்கியது. அந்தப் பேறு பெற்ற முதல் இந்தியர் அவரே. படுக்கையில் இருந்த மனிதருக்கு இவை மருந்தாயின. இலண்டன் புட்னியில் அவர் படுத்திருந்தபோது ஹார்டி பார்க்க வந்து, தாம் வந்த வாடகைக் காரின் இலக்கம் 1729, சுவையற்ற எண் என்றாராம். அல்லவே அல்ல, இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இருவகையில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அதுதான் என்று உடனே பதில் வந்தது. 1, 12 ஆகியவற்றின் கனங்களைக் கூட்டினாலும், 9, 10 ஆகியவற்றின் கனங்களைக் கூட்டினாலும் 1729தான். இந்தக் கதையைச் சொல்லும்போது அவர் நோயாளியாகக் கிடந்ததை விட்டுவிடுகிறோம். மாஸ்டரும் விட்டுவிட்டுத்தான் சொல்லிக்கொடுத்தாராம்.

இன்னொரு செய்தி. சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு வருடம் 250 பவுண் உதவித்தொகை அறிவித்திருந்தது. 1919 ஜனவரியில் அவர் நோய்ப்படுக்கையிலிருந்தே பதில் எழுதினார்: பெற்றோருக்கு வருடம் 50 பவுண் கொடுத்து, தம் அவசியச் செலவும் போக, மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகளுக்கும் அநாதைப் பிள்ளைகளுக்கும் பள்ளிச் சம்பளமும் புத்தகமுமாகக் கொடுத்துவிடும்படி கேட்டுக்கொண்டார். நோவு மனிதனைத் தன்னையே நினைக்க வைக்கும் என்பார்கள். எல்லாரையும் அல்ல.

1919 ஏப்ரலில் சென்னை வந்தார். எலும்பும் தோலுமாய் வந்தார். கொடுமுடி, கும்பகோணம், மீண்டும் சென்னை என்று ஊர் ஊராய் மாற்றிப் பார்த்தார்கள். இங்கும் சயரோகத்துக்கே வைத்தியம். ஜானகிக்கு அப்போது இருபது வயது. கணவரோடு உண்மையில் வாழ்ந்த காலம் முழுவதும் அவருக்கு நோய்பார்த்த காலமாகவே போயிற்று. நேரம் பார்த்துச் சோறு, எலுமிச்சைச் சாறு, மோர் கொடுப்பார். நோகிறது என்றால் இரண்டு பாத்திரங்களில் வெந்நீர் வைத்து, காலுக்கும் நெஞ்சுக்கும் ஒத்தணம் போடுவார். அவரோ நோவு சற்று அடங்கியதும் கணக்கைத் தொடங்குவார். எழுதிப் போடும் தாள்களை ஜானகி பொறுக்கிப் பெட்டியில் வைப்பார். 1920 ஜனவரியில், தாம் புதிதாகக் கண்ட ஒருவகைச் சார்புகளைப் பற்றி ஹார்டிக்குக் கடைசிக் கடிதம் எழுதினார். ஏப்ரல் 26ஆம் திகதி சேத்துப்பட்டில் உயிர் பிரிந்தது. வயது 32. கடல் கடந்து போனவர் என்று உறவினர் பலர் இறுதிச் சடங்குக்கு வரவில்லை.

ஜானகி சேர்த்து வைத்த தாள்களில் பல இங்கிலாந்துக்குப் போயின. நெடுங்காலம் யார் கண்ணிலும் படாமல் கிடந்து, 1976இல் திரித்துவக் கல்லூரி நூலகத்தில் அமெரிக்கப் பேராசிரியர் அண்ட்ரூஸ் கண்டெடுத்தார். நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்கள். அறுநூறு அளவிலான சூத்திரங்கள். நோவுக்கும் நோவுக்கும் இடையில் கிடைத்த நேரத்தின் விளைச்சல் அது.

இனி நோயைப் பற்றி. 1994இல் யங் என்ற ஆய்வாளர் பழைய கடிதங்களையும் வைத்தியக் குறிப்புகளையும் ஒன்றுசேர்த்துப் பார்த்து, எல்லாக் குறிகளுக்கும் மிகவும் பொருந்துவது அமீபாக் கிருமியால் வரும் ஈரல் நோயே என்ற முடிவுக்கு வந்தார். அசுத்த நீராலும் உணவாலும் வயிற்றுக்குள் போகும் இக்கிருமி முதலில் வயிற்றுளைவை உண்டாக்கும். அது நின்றபின்னும் கிருமி குடலில் தங்கி, இரத்த வழியாய் ஈரலை அடைந்து, வருடங்கள் கழித்தும் தலைகாட்டலாம். வலது விலாவின் கீழ் நோவு, விட்டுவிட்டுக் காய்ச்சல், வியர்வை, மெலிவு, தாங்காத களைப்பு இதன் குறிகள். வேதனை என்னவென்றால், 1912இலேயே கல்கத்தாவில் ரொஜர்ஸ் என்ற வைத்தியர் எமற்றின் என்ற மருந்தை ஊசியில் ஏற்றி இதைக் குணமாக்கிக் காட்டியிருந்தார். இன்று மாத்திரையாலேயே பெரும்பாலும் குணமாகிறது. நம் கரையோரக் கிணறுகள் வெள்ளத்தில் மூழ்கும் நாட்களில் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று சொல்வது வெறும் பேச்சல்ல.

மாஸ்டரின் வருத்தம் இதுவல்ல. அவருடையது மெல்ல மெல்ல ஈரல் தழும்பேறி இறுகும் வகை. ஆனால் நோவும் களைப்பும் இரண்டுக்கும் பொது. ஈரலின் உள்ளே நோவறியும் நரம்பில்லை. அது வீங்கும்போது மேல்உறை இழுபடுவதாலேயே நோகிறது. உடலுக்கு வேண்டிய சர்க்கரையைச் சேமித்துக் கொடுப்பதும் கழிவைச் சுத்தம் செய்வதும் ஈரலின் வேலை. அது பழுதானால் படுத்திருந்தவருக்கும் களைக்கும். சோம்பலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நோவுக்குக் கையில் கிடைத்த மாத்திரையைப் போடுவதுதான் ஆபத்து. மூட்டுநோவுக்குக் கடையில் வாங்கும் சில மாத்திரைகள் இவர்களுக்கு ஆகவே ஆகாது. பனடோல்கூட எத்தனை என்று வைத்தியரைக் கேட்டே எடுக்க வேண்டும். நாட்டுமருந்து குடித்தாலும் அவரிடம் மறைக்கக் கூடாது.

ஜானகியம்மாள் தையல் வேலை செய்து சீவித்து, சென்னைத் திருவல்லிக்கேணியில் 1994 வரை வாழ்ந்தார். கணவரைப் பற்றி முதுமையில் கேட்டவர்களுக்கு, ஒத்தணத்துக்கு வெந்நீர் வைத்த அந்த இரண்டு பாத்திரங்களும் இன்னும் தம்மிடம் இருப்பதைச் சொன்னார்.

இதை நான் சொல்லி முடித்தபோது மாஸ்டர் ஒன்றும் பேசவில்லை. கதவோரம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டிருந்த அவருடைய மனைவிதான், கணவர் மௌத்தாகும்போது அந்தப் பிள்ளைக்கு என்ன வயதென்று கேட்டார். இருபத்தொன்று என்றேன். பள்ளிவாசலில் அஸர் பாங்கு கேட்டது. அந்த அம்மா எழுந்து, மாஸ்டர் ஒளுச் செய்வதற்குச் சுடுதண்ணீர் எடுக்கக் குசினிக்குப் போனார்.