அரவறிஞர் பாட்ரிக் ரஸல்

நம் விழிஞ்ஞத்து வலைஞர் வலையில் கடற்பாம்பும் சிக்குவதுண்டு. அவ்வகைப் பாம்பொன்றைத் தமிழர் வலைகடியன் என்பர். இச்சொல் 1827 இல் லத்தீன் அறிவியற் பெயரில் இடம்பெற்றது. அதற்கு வழிவகுத்தவர் டாக்டர் பாட்ரிக் ரஸல்.

எடின்பரோவில் பிறந்து, அலெப்போ நகரில் கொள்ளைநோயுற்றோருக்கு மருத்துவம் புரிந்த ரஸல், 1781 இல் விசாகப்பட்டினம் வந்தார். 1785 இல் கும்பினியாரின் இயற்கைநூல் அறிஞரானார். அரவு தீண்டி மாண்டோர் பலர். நஞ்சுடையது எது, நஞ்சற்றது எது எனத் தெளிந்தோர் சிலரே. இக்குறை நீக்கப் பாம்புகளைத் திரட்டி, பல்லையும் செதிலையும் ஆராய்ந்தார். 1796 இல் வெளிவந்த தம் நூலில் லத்தீன் பெயர் சூட்டாது, ஊரார் வழங்கிய பெயர்களையே பொறித்தார். பின்வந்தோர் அவற்றிலிருந்தும் பெயர் அமைத்தனர். பொன்னைக் குறிக்கும் பங்காரு என்னும் தெலுங்குச் சொல்லே கட்டுவிரியன் இனத்திற்குப் பங்காரஸ் என்றாயிற்று.

1797 இல் அறிஞர்கள் கண்ணாடி விரியனுக்கு ரஸலின் பெயரையே சூட்டினர். 1805 இல் அவர் மறைந்தார். தபோயா ரஸலியை என்னும் பெயரில் இன்றும் வாழ்கிறார்.

வலைகடியனுக்கு இன்று அறிவியலார் வேறு பெயர் வழங்கினும், எழுத்தறியா வலைஞரின் சொல்லை ஏட்டிலேற்றிய அப்பெரியாரை நம் மக்களுக்கு அறிமுகம் செய்வோமாக.