கருப்பு அன்னை

கடல் கடந்தால் சாதி கெடும் என்று ஏட்டிலே எழுதி வைத்து, நாட்டிலே நடத்தியும் காட்டினர் ஒரு காலத்தில். மீறிச் சென்றவன் திரும்பினால் கழுவாய். மறுத்தால் ஊர் விலக்கு! அப்படிப்பட்ட நாட்டிலிருந்து கடல் கடந்தார் ஓர் இளைஞர். பொருள் தேடி அல்ல, புகழ் தேடி அல்ல. போரிலே குண்டடிபட்டுக் குற்றுயிராய்க் கிடந்தோரைக் காக்கச் சென்றார். அவர்கள் அவருடைய சாதியினர் அல்லர், மதத்தினர் அல்லர், மொழியினரும் அல்லர். சென்றவர் திரும்பவே இல்லை. அவர்தான் டாக்டர் துவாரகாநாத் கோட்னிஸ்.

1910-ம் ஆண்டு அக்டோபர் 10-ம் நாள் மராட்டியத்துச் சோலாப்பூரிலே பிறந்தார். பம்பாயிலே மருத்துவம் பயின்று பட்டம் பெற்றார். மேற்படிப்பு முடித்து, பெருநகரிலே மருத்துவமனை திறந்து, கார் வாங்கி, மாடி கட்டி வாழ்ந்திருக்கலாம். யார் குறை சொல்லியிருப்பார்கள்? ஆனால் 1937-ம் ஆண்டு சூலையிலே சீனத்தின்மீது சப்பான் பாய்ந்தது. ஊர்கள் எரிந்தன, உயிர்கள் மடிந்தன. மருத்துவரை அனுப்பி உதவுங்கள் என்று சீனத் தளபதி சூ தே நேருவுக்கு எழுதினார். அடுத்த ஆண்டு காங்கிரசுத் தலைவராக இருந்த சுபாசு சந்திரபோசு, அதற்கென மக்களிடம் நிதி திரட்டினார். அடல், சோல்கர், பாசு, முகர்ஜி, கோட்னிஸ் ஆகிய ஐந்து மருத்துவர்கள் 1938 செப்டம்பரில் பம்பாயிலிருந்து கப்பல் ஏறினர். கோட்னிசுக்கு அப்போது வயது 28 கூட நிரம்பவில்லை.

சீனத்திலே அவருக்குக் கிடைத்த முதல் அடி சப்பானியக் குண்டால் வந்ததல்ல, வீட்டிலிருந்து வந்தது. தந்தை மறைந்தார் என்ற செய்தி! திரும்பிச் செல்ல வழியிருந்தது. திரும்புவதே முறை என்று சொல்லவும் ஆளிருந்தது. அழுதார், ஆனால் திரும்பவில்லை. 1939 பிப்ரவரியில் தோழர்களோடு யேனான் சேர்ந்தார். மலையைக் குடைந்த குகைகளிலே மக்கள் குடியிருந்த ஊர் அது.

அங்கிருந்தும் அப்பால் சென்றார், எதிரியின் முதுகுப்புறத்து மலைநாட்டுக்கு. அவருக்கு முன் அங்கே தொண்டாற்றியவர் கனடா நாட்டு மருத்துவர் நார்மன் பெத்யூன். அறுவை செய்யும்போது விரலிலே பட்ட வெட்டு நஞ்சாகி, 1939 நவம்பரில் அவர் மாண்டார். அவர் பெயரால் அமைந்த மருத்துவமனைக்கு 1941 சனவரியில் கோட்னிஸ் தலைவரானார். மருத்துவமனை என்றதும் மாடிக் கட்டடத்தை நினைத்துவிடாதீர்கள். ஹெபெய் மாகாணத்து மலையடிச் சிற்றூர் கெகொங். மருந்து வரும் வழியையெல்லாம் பகைவன் அடைத்திருந்தான். தினைச்சோறு உணவு. கிராமத்து வீடே நோயாளியின் கூடம். இங்கேதான் பம்பாய்ப் பட்டதாரி உழைத்தார்! 1940-ல் நடந்த ஒரு பெரும் போரின்போது 72 மணி நேரம் கண்ணுறங்காமல் அறுவை செய்தார். அந்தப் போரிலே அவர் கைபட்டுத் தேறியோர் பல நூற்றுவர்.

இத்தனையிலும் நம் நெஞ்சைத் தொடுவது வேறொன்று. அவர் சீன மொழியைக் கற்றார். ஒப்புக்கு நாலு சொல் அல்ல. நோயாளியின் வேதனையைக் கேட்டறியவும், மருத்துவப் பள்ளியிலே மாணவர்க்குப் பாடம் நடத்தவும், அறுவை மருத்துவம்பற்றி நூல் எழுதவும் போதுமான அளவு கற்றார். பெயரையும் அவர்கள் நாவுக்கு ஏற்றபடி கே திஹுவா என்று வைத்துக்கொண்டார். ஊரார் வேறொரு பெயரும் வைத்தனர்: கருப்பு அன்னை! நிறத்தை வைத்து மனிதனைத் தாழ்த்தும் உலகிலே, கருப்பு என்ற சொல்லோடு அன்னை என்ற சொல்லைச் சேர்த்துக் கூப்பிட்டார்கள் அந்த உழவர்கள். ஆண்மகன் ஒருவன் தாய் என்று அழைக்கப்படுவதைவிடப் பெரிய பட்டத்தை எந்தப் பல்கலைக்கழகம் தரும்?

1941-ல் குவோ சிங்லான் என்ற செவிலியரை மணந்தார். சாதி கேட்கவில்லை, சாதகம் பார்க்கவில்லை. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மகன் பிறந்தான். இந்தியாவைக் குறிக்கும் யின், சீனத்தைக் குறிக்கும் ஹுவா இரண்டையும் இணைத்து யின்ஹுவா என்று பெயரிட்டனர். மகிழ்ச்சி நீடிக்கவில்லை. வலிப்பு நோய் அவரை வாட்டிற்று. சிகிச்சைக்கு வெளியே செல்லுங்கள் என்றபோதும், காயம்பட்டோரை விட்டு அவர் அகலவில்லை. 1942 டிசம்பர் 9-ம் நாள், மகனுக்கு நான்கு மாதம் நிரம்புமுன், 32-ம் வயதிலே கெகொங் கிராமத்தில் மறைந்தார். ஐவரில் நால்வர் நாடு திரும்பினர். ஒருவர் அந்த மண்ணோடு மண்ணானார்.

1962-ல் இரு நாட்டுப் படைகளும் எல்லையிலே மோதின. நட்பு முறிந்தது. ஆனால் கோட்னிஸ் முறியவில்லை! சீனம் 1982-ல் அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது. 1993-ல் இந்தியாவும் வெளியிட்டது. ஷிஜியாஜுவாங் நகரிலே அவருக்குச் சிலை நிற்கிறது. அரசுகள் பகைத்தாலும், மக்கள் மறக்கவில்லை.

நாம் ஏன் இன்று இதை எழுதுகிறோம்? ஆள வருபவன் தன் மொழியைத் திணிப்பான். தொண்டு செய்ய வருபவன் மக்கள் மொழியைக் கற்பான். இருவரையும் பிரித்தறிய இதைவிட எளிய அளவுகோல் இல்லை. இந்த அளவுகோலைக் கையிலே வைத்துக்கொண்டு, ஒற்றுமை என்றும் தேசத்தொண்டு என்றும் பேசி நம்மிடம் வருவோரை ஒவ்வொருவராக அளந்து பாருங்கள். வந்தவர் நம் மொழியைக் கற்க வந்தாரா, தம் மொழியைச் சுமத்த வந்தாரா?

மருத்துவப் பட்டம் பெற்றுக் கிராமத்துக்குப் புறப்படும் நம் இளைஞர்க்கும் சொல்வோம்: ஊசியும் மருந்தும் உடலை ஆற்றும், அந்த ஊராரின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கும் பண்பே உள்ளத்தை ஆற்றும். வெகுதொலைவிலுள்ள சிற்றூரிலே, சோலாப்பூர் இளைஞர் ஒருவர் அதைச் செய்து காட்டினார். சொந்த மண்ணிலே, சொந்த மொழியிலே நம்மால் ஆகாதா?