எட்டாத கையும் எட்டிய வெற்றியும்

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் தயாராகும் பேண்டேஜ் துணி, காயங்களைக் கட்டுவதற்காகப் பல ஊர் மருத்துவமனைகளுக்குச் செல்கிறது. குத்துச்சண்டை வீரர்கள் கையுறை அணியும் முன் தம் விரல் எலும்புகளைக் காக்கச் சுற்றிக்கொள்வதும் அத்தகைய மெல்லிய துணியைத்தான். ராஜபாளையம் நூற்பாலைகளையும் ஸ்ரீவில்லிபுத்தூர் கைத்தறியையும் நம்பி வாழ்ந்ததுபோல, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள பிராக்டன் நகரம் காலணித் தொழிலை நம்பி வாழ்ந்தது. அங்கே ஒரு காலணித் தொழிலாளியின் மகனாக 1923 செப்டம்பர் 1-இல் பிறந்தவர் ராக்கி மார்சியானோ. ஹெவிவெயிட் உலகப் பட்டம் வென்று, தொழில்முறைக் களத்தில் ஒரு தோல்விகூடக் காணாமல் விடைபெற்றவர் அவர். தம்மைவிட உயரமான, எளிதில் அகப்படாத எதிராளியை எப்படி வெல்வது என்ற பழைய கேள்விக்கு அவருடைய வாழ்க்கை ஒரு விடை.

பெற்றோர் இத்தாலியிலிருந்து குடியேறியவர்கள். முதல் உலகப்போரில் நச்சுவாயுவால் உடல்நலம் குன்றிய தந்தை, அதன் பின்னரும் ஆலை வேலையில் குடும்பத்தைக் காத்தார். ராக்கி பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டார்; பனிக்கட்டியும் நிலக்கரியும் ஏற்றும் வண்டிகளில் வேலை செய்தார்; பள்ளம் தோண்டினார். அவர் விரும்பியது பேஸ்பால் ஆட்டத்தை. 1947-இல் நடந்த தேர்வில், பந்தை விசையுடன் எறியும் ஆற்றல் போதாது என்று திருப்பி அனுப்பப்பட்டார். அடுத்த ஆண்டு முதல் குத்துச்சண்டையே அவருடைய முழுநேரத் தொழிலாயிற்று. அப்போது அவருக்கு வயது 24.

அந்தத் தொழிலுக்கும் அவருடைய உடல் பொருந்தவில்லை. உயரம் 5 அடி பத்தரை அங்குலம். எடை ஏறத்தாழ 84 கிலோ. கைவீச்சு 68 அங்குலம் மட்டுமே. ஹெவிவெயிட் சாம்பியன்களுள் மிகக் குறைந்த கைவீச்சு அவருடையதே. கால்களை அகல விரித்து நின்று, வலக்கையை மட்டுமே நம்பி வீசிய அந்த இளைஞரைப் பார்த்தவர்கள் பலர் நகைத்தனர். நியூயார்க்கில் அவரைப் பயிற்றுவிக்க முன்வந்த சார்லி கோல்டுமன், முன்னாளில் களம் கண்டவர். உருவத்தில் மிகவும் சிறியவர். குட்டையானவரின் இடர்ப்பாடு அவருக்குப் பட்டறிவு. ஆகவே, மாணவரை உயரமானவர்களைப் போல ஆடச் சொல்லவில்லை. குனிந்து நின்றவரை இன்னும் குனியச் சொன்னார்.

உயரமான வீரரின் முதல் அரண் தொலைவு. இடக்கையை நீட்டி நேர்க்குத்து விட்டு, எதிராளி நெருங்கும்போது பின்வாங்கினால், அவருடைய குத்து பட்டுக்கொண்டே இருக்கும், மறுகுத்து எட்டாது. தாழக் குனிந்து வருபவரிடம் இந்தக் கணக்கு பிசகிவிடுகிறது. நேர்க்குத்து கீழ்நோக்கி இறங்க வேண்டியிருப்பதால் அதன் விசை குறைகிறது. குனிந்தவரின் குத்தோ, கால்களின் வலுவையும் சேர்த்துக்கொண்டு மேல்நோக்கி எழுகிறது.

அடுத்தது, கண்ணில் படுவதை விட்டுக் கைக்கு எட்டுவதைத் தாக்குவது. தலை விலகும், உடற்பகுதி அவ்வளவு விரைவாக விலகாது. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தின் உச்சி எவ்வளவு உயர்ந்தாலும் அதைத் தாங்குவது அகன்ற அடித்தளமே. அதுபோல, நெடிய மனிதரின் வேகத்தையும் தாங்குவது இடுப்பும் கால்களும்தாம். விலாவில் விழும் ஒவ்வொரு குத்தும் அவற்றின் ஓட்டத்தைக் குறைக்கிறது. 1953-இல் ரோலண்ட் லாஸ்டார்சாவுடன் மோதியபோது, தடுப்பதற்காக உயர்ந்த கைகளையே மார்சியானோ தொடர்ந்து தாக்கினார். தடுக்கும் வலுவிழந்த லாஸ்டார்சா 11-ஆவது சுற்றில் வீழ்ந்தார்.

மூன்றாவது, நழுவிச் செல்பவரைப் பின்தொடராமல், அவர் செல்லவிருக்கும் வழியில் பக்கவாட்டில் அடியெடுத்து வைத்து, கயிற்றோரம் ஒதுக்குவது. இதற்குக் கடைசிச் சுற்றுவரை தளராத மூச்சு வேண்டும். அதற்காக அவர் வாரக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்து, பயிற்சி முகாமில் நாள்தோறும் பல மைல் ஓடினார்.

இவை யாவும் 1952 செப்டம்பர் 23 அன்று பிலடெல்பியாவில் சோதிக்கப்பட்டன. எதிரே நின்றவர், பின்வாங்கிக்கொண்டே அடிப்பதில் தேர்ந்த சாம்பியன் ஜெர்சி ஜோ வால்காட். முதல் சுற்றிலேயே மார்சியானோ கீழே விழுந்தார். தொழில்முறை வாழ்வில் அதுவே அவருடைய முதல் வீழ்ச்சி. 12 சுற்றுகள் முடிந்தபோது மூன்று நடுவர்களின் கணக்கிலும் வால்காட்டே முன்னிலை. 13-ஆவது சுற்றில் வால்காட் கயிற்றோரம் ஒதுங்கிய நேரத்தில் இருவரும் ஒருங்கே வலக்கையை வீசினர். குறுகிய பாதையில் வந்த மார்சியானோவின் குத்து முந்திக்கொண்டது. குறை என்று கருதப்பட்ட குறுங்கை, அந்தக் கணத்தில் பட்டத்தை வென்று தந்தது.

இதில் மறைக்கக்கூடாத மறுபக்கமும் உண்டு. வால்காட்டுக்கு அப்போது வயது 38. அதற்கு முந்தைய ஆண்டில் மார்சியானோவிடம் வீழ்ந்த ஜோ லூயிஸுக்கு 37. இந்த உத்தியின் விலையும் பெரிது. ஒரு குத்து கொடுக்கப் பல குத்துகளை வாங்க வேண்டும். 1954-இல் எஸார்டு சார்லஸுடனான இரண்டாம் மோதலில் அவருடைய மூக்கு பிளந்து குருதி வழிந்தது. எட்டாம் சுற்றில் வென்றதால்தான் பட்டம் தப்பியது. 49 போட்டிகள், 49 வெற்றிகள், அவற்றுள் 43 நாக்-அவுட் என்ற கணக்குடன் 1956-இல், 32-ஆம் வயதில் அவர் விலகினார். மீண்டும் களத்துக்கு வந்து தம்மைச் சிதைத்துக்கொள்ளாத அந்த முடிவும் அவருடைய திறமைகளில் ஒன்று.

1969-இல் ஒரு விந்தை நிகழ்ந்தது. பட்டம் பறிக்கப்பட்டிருந்த முகமது அலியுடன் ஒரு கற்பனைப் போட்டி படமாக்கப்பட்டது. முடிவைக் கணினி சொல்லும் என்று ஏற்பாடு. 6 அடி 3 அங்குல உயரமும் நடனக்காரரின் கால்களும் கொண்ட அலியை, 13-ஆவது சுற்றில் மார்சியானோ வீழ்த்துவதாகப் படம் முடிந்தது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. படப்பிடிப்பு முடிந்த சில வாரங்களில், ஆகஸ்ட் 31 அன்று, 46-ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய இரவில், அயோவா மாநிலத்தில் சிறு விமானம் விழுந்து அவர் இறந்தார்.

கணினியின் தீர்ப்பு வெறும் பொழுதுபோக்கு. ஆனால் 1971 மார்ச் 8 அன்று நியூயார்க்கில், 6 அடியைத் தொடாத ஜோ ஃபிரேசியர், குனிந்து நெருங்கி விலாவைத் தாக்கும் இதே வழியில் 15 சுற்றுகள் போராடி, அலிக்கு முதல் தோல்வியைத் தந்தார். அந்த அலியைத்தான் 1980-இல் சென்னை நேரு விளையாட்டரங்கில் தமிழர்கள் நேரில் கண்டு வியந்தனர்.

அலியைப் போன்ற உடலும் வேகமும் மிகச் சிலருக்கே வாய்க்கும். மில் தொழிலாளியின் மகனோ, தறிக்காரரின் மகளோ விளையாட்டுத் தேர்வுக்கு வரும்போது, அளவுநாடா சொல்வதோடு தீர்ப்பு முடிந்துவிடக் கூடாது. இருக்கும் உடலைக் கொண்டு எதைச் செய்ய இயலும் என்று பார்க்கத் தெரிந்த ஒரு பயிற்றுநர் அங்கே இருக்க வேண்டும். கோல்டுமன் இல்லையெனில், மார்சியானோ பிராக்டனில் பள்ளம் தோண்டும் தொழிலாளியாகவே இருந்திருக்கக்கூடும்.