டெலோரியா அம்மையாரின் ஏடுகள்

கள ஆய்வுக்குப் புறப்படும் நம் விடுதி நண்பர்கள் குறிப்பேட்டையும் பேனாவையும் மறவாமல் பையில் வைத்துக்கொள்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விகளையும் வரிசையாக எழுதிக்கொள்கிறார்கள். செல்லும் வீட்டுக்கு என்ன கொண்டுபோவது என்று எண்ணுகிறவர்கள் சிலரே. நானும் முதன்முறை கையை வீசிக்கொண்டு சென்றவன்தான். பழங்குடி ஊரொன்றில் ஒரு பாட்டி எனக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு, நான் கேட்ட கதையை மட்டும் சொல்லாமல் இருந்துவிட்டார். அப்பொழுது அதன் காரணம் எனக்கு விளங்கவில்லை. பின்னர் எல்லா டெலோரியா அம்மையாரின் வரலாற்றைப் படித்தபோதுதான் விளங்கிற்று. (பழந்தமிழில் ‘எல்லா’ என்பது நெருங்கியவரை உரிமையோடு விளிக்கும் சொல். அம்மையாரின் பெயருக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. ஆயினும் பொருத்தமாகவே இருக்கிறது.)

இன்று தென் டகோட்டா மாநிலம் எனப்படும் அமெரிக்கப் பகுதியில், யாங்க்டன் மக்களுக்கென அரசு ஒதுக்கிய நிலப்பரப்பில், 1889 ஜனவரி 31ஆம் நாள் அவர் பிறந்தார். அன்று கடும் பனிப்புயல். ‘அழகிய நாளின் மங்கை’ என்று பொருள்படும் பெயரைக் குழந்தைக்கு இட்டார்கள். பனிப்புயல் அடித்த நாளை அழகிய நாள் என்று கொண்ட உள்ளத்தை என்னென்பது! தந்தையார் பிலிப் டெலோரியா கிறித்தவக் குரு; தம் மக்களுள் அப்பதவியை முதலில் பெற்ற சிலருள் ஒருவர். அவருடைய பணியின் பொருட்டுக் குடும்பம் ஸ்டாண்டிங் ராக் என்னும் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. வீட்டில் டகோட்டா, அக்கம்பக்கத்தில் லகோட்டா, பள்ளியில் ஆங்கிலம் என்று மூன்றையும் கேட்டு வளர்ந்தாள் சிறுமி.

அக்காலம் எத்தகையது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். சூரிய நடனம் என்னும் அவர்களுடைய பெருவிழா 1883 முதல் தடை செய்யப்பட்டிருந்தது. 1890 டிசம்பர் 29இல் ஊண்டட் நீ என்னுமிடத்தில் பெண்களும் குழந்தைகளும் உள்ளிட்ட லகோட்டா மக்கள் படைவீரர்களால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அப்பொழுது எல்லாவுக்கு இரண்டு வயதுகூட நிறையவில்லை. பழங்குடிப் பிள்ளைகளுக்கென நடந்த விடுதிப் பள்ளிகளில் தாய்மொழி பேசியதற்காகவே அடி விழுந்தது.

எல்லா, ஓபர்லின் கல்லூரியில் பயின்றபின் நியூயார்க்கில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் சேர்ந்து 1915இல் பட்டம் பெற்றார். அங்கேதான் மானிடவியல் பேராசிரியர் பிரான்ஸ் போவாஸ் இந்த மாணவியைக் கண்டுகொண்டார். ஜார்ஜ் புஷாட்டர் என்ற லகோட்டா இளைஞர் 1887ஆம் ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் தம் தாய்மொழியிலேயே ஆயிரம் பக்கங்களுக்கு மேல் எழுதிவைத்திருந்தார். படிப்பார் இன்றிக் கிடந்த அவ்வேடுகளை மாணவியின் கையில் கொடுத்தார் போவாஸ். அவருக்குக் கிடைத்த ஊதியம் மாதம் 18 டாலர். ஏட்டிலிருந்து தம் ஊர்ப் பேச்சே எழுந்து வந்தால் ஒரு மாணவிக்கு எப்படி இருந்திருக்கும்!

பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்பு அறுந்தது. தாயார் மறைந்தார், தம்பி தங்கையரைக் காக்கும் பொறுப்பு வந்தது. ஆசிரியையாகப் பணியாற்றி, இறுதியில் கான்சஸ் மாநிலத்து ஹாஸ்கெல் பள்ளியில் உடற்பயிற்சி கற்பித்துக்கொண்டிருந்தவரை 1927இல் போவாஸ் மீண்டும் தேடிப் பிடித்தார். அன்று தொடங்கியது அம்மையாரின் வாழ்நாட்பணி. தங்கை சூசனையும் அழைத்துக்கொண்டு ஒரு பழைய மோட்டார் வண்டியில் ஊர் ஊராகச் சென்றார். பணம் தீர்ந்த நாட்களில் அந்த வண்டியே வீடாயிற்று.

ஒவ்வொரு முதியவர் வீட்டுக்கும் இறைச்சியோ வேறு உணவோ கொண்டு செல்வது அவர் வழக்கம். நியூயார்க்கில் இருந்தோருக்கு இச்செலவு விளங்கவில்லை. அம்மையார் போவாஸுக்குப் பொறுமையாக எழுதி விளக்கினார். வெள்ளையரைப் போலக் காசை நீட்டி விடையை வாங்கினால், அதே இனத்தவளான தமக்கும் முதியவர்க்கும் இடையே சுவர் எழும்பிவிடும் என்பது அவர் கருத்து. உறவினராகச் சென்று உணவைப் பகிர்ந்து, முறைவைத்து அழைத்தபின்பே பேச்சு பிறக்கும்.

முறைவைத்து அழைப்பது என்பது அம்மக்களிடையே சிறிய செய்தி அன்று. பெயர் சொல்லி விளிப்பது அரிது. தந்தையின் உடன்பிறந்தானும் தந்தையே, தாயின் உடன்பிறந்தாளும் தாயே. நம் பெரியப்பாவும் சின்னம்மாவும் நினைவுக்கு வரவில்லையா? லூயிஸ் ஹென்றி மார்கன் 1871இல் வெளியிட்ட பெருநூலில் அமெரிக்கப் பழங்குடியினரின் உறவுமுறையையும் தமிழரின் உறவுமுறையையும் அருகருகே வைத்து வியந்திருக்கிறார். அவர் அதிலிருந்து எட்டிய முடிவுகள் பின்னர் நிற்கவில்லை. ஒற்றுமை மட்டும் நிற்கிறது. வேற்றுமையும் உண்டு. அத்தை மகளும் மாமன் மகளும் அவர்களுக்கு மணமுறை ஆகார். டகோட்டா வாழ்வின் உயிர்நாடியே இந்த உறவுமுறைதான் என்பதை அம்மையார் 1944இல் வெளியிட்ட தம் நூலில் விரிவாகக் காட்டினார்.

ஆசிரியருக்கும் மாணவிக்கும் இடையே நிகழ்ந்த ஒன்றை இங்கே விரித்துச் சொல்ல வேண்டும். பைன் ரிட்ஜ் பகுதியில் மருத்துவராக இருந்த வாக்கர் என்பவர், ஓக்லாலா லகோட்டா மக்களின் சடங்குகளையும் புராணங்களையும் 1917இல் வெளியிட்டிருந்தார். தேவர்களும் திசைகளும் ஒன்றோடொன்று பின்னிய அழகான கதைத்தொடர் அது. அதைக் களத்தில் சரிபார்த்து வருமாறு 1930களின் பிற்பகுதியில் போவாஸ் பணித்தார். அம்மையார் முதியவர்களிடம் சென்று அக்கதைகளைச் சொல்லிக் கேட்டார். கேட்டவர்கள் வியந்தார்கள், அப்படி ஒன்று தாங்கள் அறிந்ததில்லை என்றார்கள். அவர் அதை அப்படியே எழுதி அனுப்பினார். பூசாரிகள் மட்டுமே அறிந்த மறைபொருளாக இருக்கக்கூடும், மீண்டும் தேடுக என்று போவாஸிடமிருந்து பதில் வந்தது. மீண்டும் சென்றார்; மீண்டும் அதே விடை. ஒருவருடைய கற்பனைத் திறம் கோத்த கதைகளாகவே அவை தோன்றுகின்றன என்பதிலிருந்து அவர் பின்வாங்கவில்லை.

அவர் நிலையை எண்ணிப் பாருங்கள். டாக்டர் பட்டம் இல்லை. நிலையான பதவி இல்லை. அடுத்த மாதச் செலவுக்கு அந்தப் பேராசிரியரின் கடிதத்தையே எதிர்பார்த்திருந்தவர். ஆசிரியர் விரும்பியதைக் கண்டுபிடித்துத் தருவது எவ்வளவு எளிது! (தேர்வுக்கு முந்தின வாரத்தில் நம்மில் சிலருடைய ஆய்வேடுகள் எவ்வாறு நிறைகின்றன என்பது நமக்குத் தெரியும்.) வாக்கரின் கதைத்தொடரைக் கோத்ததில் அவருடைய கையே பெரிதும் உண்டு என்பதைப் பிற்கால ஆய்வாளர்களும் கண்டனர். போவாஸின் பெருமையையும் மறைக்கக்கூடாது. மறுத்துச் சொன்ன மாணவியை அவர் கைவிடவில்லை. 1941இல் வெளிவந்த டகோட்டா இலக்கண நூலில் இருவர் பெயரும் சேர்ந்தே உள்ளன. அதற்கு முன்பே, 1932இல், 64 கதைகளை மூலமொழியிலும் ஆங்கிலத்திலும் தந்த தொகுதியை அம்மையார் தம் பெயரில் வெளியிட்டிருந்தார்.

போவாஸ் 1942இல் மறைந்தார். அம்மையாருக்கு ஊக்கமளித்து வந்த ரூத் பெனடிக்ட் அம்மையார் 1948இல் மறைந்தார். ஒரு டகோட்டாப் பெண்ணின் வாழ்வை நாவலாக எழுதி, பெனடிக்டின் சொற்படி பெரிதும் சுருக்கியும் வைத்திருந்தார் டெலோரியா. பதிப்பகத்தார் எவரும் ஏற்கவில்லை. விலை போகாது என்று கருதினர். ‘வாட்டர்லில்லி’ என்ற அந்நாவல் 1988இல்தான் அச்சேறியது. இன்று அது பல கல்லூரிகளில் பாடநூல்.

1955 முதல் 1958 வரை, தாம் சிறுமியாகப் படித்த வாக்பாலா ஊர்ப் பள்ளியையே பொறுப்பேற்று நடத்தினார். பின்னர் தென் டகோட்டாப் பல்கலைக்கழகத்தில் அகராதிப் பணியில் ஈடுபட்டார். அது முடிவு பெறவில்லை. 1971 பிப்ரவரி 12இல் காலமானார்.

பழங்குடி மக்கள் தாமே நிறுவி நடத்தும் கல்லூரிகள் அப்பொழுதுதான் தோன்றத் தொடங்கியிருந்தன. முதலாவது, 1968இல் நவஹோ மக்கள் தொடங்கியது. அம்மையார் மறைந்த அதே 1971இல் பைன் ரிட்ஜில் ஓக்லாலா மக்களின் கல்லூரியும், 1973இல் அவர் வளர்ந்த ஸ்டாண்டிங் ராக்கில் இன்னொன்றும் எழுந்தன. பின்னது இன்று சிட்டிங் புல் கல்லூரி எனப்படுகிறது. அங்கே லகோட்டா மொழி பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. தாய்மொழியைப் பேச்சாகக் கேட்டு வளராத இளைஞர் பலர். பாட்டியின் மொழியை நூலகத்தில் ஏட்டிலிருந்து எழுத்துக்கூட்டிக் கற்கவேண்டிய நிலை. அவர்களுக்கு வாய்த்த ஏடுகளுள் தலையாயவை அன்று இறைச்சி கொடுத்துக் கேட்டு எழுதியவை.

அம்மையாரின் கையெழுத்துப் படிகளில் ஒரு பகுதி பிலடெல்பியாவில் அமெரிக்கத் தத்துவக் கழகத்தின் நூலகத்தில் இருக்கிறது. மற்றொரு பகுதி தென் டகோட்டாவின் சேம்பர்லெயின் ஊரில், டகோட்டா மக்களுக்கான அறநிலையம் ஒன்றில் பாதுகாக்கப்பட்டது. சிட்டிங் புல் கல்லூரியின் மாணவர் சேம்பர்லெயினுக்குச் செல்ல வேண்டுமானால் தெற்கே நெடுந்தூரம் மோட்டாரில் போகவேண்டும். இரண்டு ஊர்களும் ஒரே மிசூரி ஆற்றங்கரையில் இருக்கின்றன.