தாய்மாமன் வளர்த்த பிள்ளை: லாயிட் ஜார்ஜ் சரித்திரம்

ஒரு குடும்பத்தில் ஒருவன் கற்றுத் தேறி மேன்மையடைவானாயின் அவனது கீர்த்தியை உலகம் பேசும். அவனைக் கற்பிக்கத் தம்மை வருத்திக்கொண்டவர்களின் பெயரோ பெரும்பாலும் மறைந்துபோம். இங்கிலாந்தின் பிரதம மந்திரியாய் விளங்கிய டேவிட் லாயிட் ஜார்ஜின் சரித்திரத்தில் இவ்விரு திறத்தாரையும் ஒருங்கே காணலாமாதலின், அதனை நம் அன்பர்களுக்குச் சுருக்கமாக எடுத்துரைக்க விரும்புகிறோம்.

அவர் 1863-ஆம் வருஷம் ஜனவரி 17-ந் தேதி மான்செஸ்டர் நகரில் பிறந்தார். உபாத்தியாயராயிருந்த தந்தையார் மறு வருஷமே காலமானார். சிறு குழந்தைகள் இருவரோடு, மூன்றாவது மகவை வயிற்றிற் சுமந்து திகைத்து நின்ற தாயாரிடம் ஓடிவந்தவர் அவ்வம்மையாரின் தம்பி ரிச்சர்டு லாயிட். வேல்ஸ் நாட்டின் வடபகுதியிலுள்ள லானஸ்டிம்டுவி என்னும் சிற்றூரில் பாதரட்சை தைத்து ஜீவித்தவர் அவர், விவாகம் செய்துகொள்ளாதவர், ஊதியம் பெறாமல் தம் சபையாருக்குப் போதகராயும் இருந்தவர். தமக்கையையும் குழந்தைகளையும் தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்று, அன்று முதல் அவர்களையே தம் குடும்பமாகக் கொண்டார்.

பையன் ஸொலிஸிடராக வேண்டுமென்று வீட்டார் தீர்மானித்தனர். கட்சிக்காரரை நேரில் கண்டு, பத்திரங்கள் எழுதி, வழக்குகளைச் சித்தஞ் செய்வோர் ஸொலிஸிடர்கள். சிறு நீதிஸ்தலங்களில் தாமே வாதிப்பதும் உண்டு. இதற்குரிய முதற் பரீட்சைக்கு அக்காலத்தில் லத்தீனோடு மற்றுமொரு பாஷையும் வேண்டியிருந்தது. கிராமத்திலோ பிரெஞ்சு கற்பிப்பார் எவருமிலர். மாமனார் என் செய்தார்? பகலெல்லாம் தோல் தைத்த கையால் இரவில் அகராதியும் இலக்கணமும் எடுத்து, தாமும் மாணாக்கராகி மருமகனோடு பிரெஞ்சு கற்றார். 1877-இல், பதினான்காம் வயதில், பிள்ளை லிவர்ப்பூலில் அப்பரீட்சையில் தேறினான்.

மறு வருஷம் போர்த்மடாக் துறைமுகத்திலிருந்த பிரீஸ், ஜோன்ஸ், காஸன் என்னும் வக்கீல் ஆபீஸில் அமர்ந்தான். 1879-இல் ஐந்து வருஷப் பயிற்சி உடன்படிக்கை எழுதப்பட்டது. இக்காலத்தார் வியக்கத்தக்கது யாதெனில், பயில்வோனுக்குச் சம்பளம் கொடாததோடு, அவனே பணமும் செலுத்த வேண்டியிருந்தது. முத்திரை வரி மட்டும் 80 பவுன். ஆபீஸாருக்குச் செலுத்தும் தொகை வேறு. தந்தையார் விட்டுச்சென்ற சிறு பொருளும் மாமனாரின் சேமிப்பும் இதற்கே கரைந்தன. பிள்ளையோ பத்திரங்களைப் பிரதி எடுத்தும், வாக்காளர் ஜாபிதாக்களைச் சரிபார்த்தும் தொழில் பயின்றான். 1884-இல் இறுதிப் பரீட்சையில் சிறப்புடன் தேறினான். பின் கிரிக்கியத் ஊரில் தம் வீட்டிலேயே ஆபீஸ் திறந்தார்.

பத்திரம் படிக்கக் கற்ற கல்வி 1888-இல் பயன் தந்தது. லான்பிரோத்தன் என்னும் ஊரில் கல்லுடைக்கும் தொழிலாளி ஒருவர், தம் மகளின் கல்லறையருகே தம்மையும் அடக்கஞ் செய்யவேண்டுமென்று விரும்பி இறந்தார். அவர் வேறு சபையினராதலின் குருவானவர் மயானக் கதவைப் பூட்டிவிட்டார். அந்நிலம் முன்னரே வாய்மொழியாகத் தானமளிக்கப்பட்டதென்பதையும், நிபந்தனைகளோடு கூடிய பத்திரம் 1881-இலேயே எழுதப்பட்டதென்பதையும் கண்ட லாயிட் ஜார்ஜ், கதவைத் திறந்து புகுமாறு யோசனை கூறினார். கீழ்க் கோர்ட்டில் தோற்ற வழக்கு லண்டனில் அப்பீலில் வென்றது. வேல்ஸ் நாடெங்கும் அவர் பெயர் பரவிற்று. 1890-இல் 18 வாக்கு மிகுதியால் பார்லிமெண்டு அங்கத்தினரானார்.

அக்காலத்தில் அங்கத்தினருக்குச் சம்பளமில்லை. அதே ஆபீஸில் பயின்று 1887-இல் தேறிய இளைய சகோதரர் வில்லியம் ஜார்ஜ், இருவர் பெயராலும் நடந்த ஆபீஸைத் தாமே சுமந்து தமையனாரின் குடும்பத்தைத் தாங்கினார். வறியவன் அரசியலில் புகுவது எத்துணை அரிதென்பதை இவ்வாறு வீட்டிலேயே அறிந்த லாயிட் ஜார்ஜ், நிதி மந்திரியாயிருந்தபோது 1911-இல் அங்கத்தினருக்கு வருஷத்திற்கு 400 பவுன் சம்பளம் ஏற்படுத்தினார். தொழிலாளர் இன்ஷியூரன்ஸ் சட்டமும் அவ்வருஷமே நிறைவேறிற்று.

1916 டிசம்பரில் அவர் பிரதம மந்திரியானதைக் கண்டு மகிழ்ந்த மாமனார், 1917 பிப்ரவரியில் கண்மூடினார்.

அவரிடம் குறையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. சிறு தேசமாகிய வேல்ஸின் உரிமைக்கு வாதாடியவர், 1922-இல் இந்தியாவில் ஆங்கில உத்தியோகஸ்தரின் ஆதிக்கம் நிலைக்க வேண்டுமெனப் பேசியது நமக்கு உகந்ததன்று. அவ்வருஷமே பதவி நீங்கினார். 1945 மார்ச்சு 26-ல் காலமாகி, தாம் வளர்ந்த ஊரின் ஆற்றங்கரையிலேயே அடக்கமானார். தம்பியார் 1967-இல், 101-ஆம் வயதில் இறந்தார்.

நம் குடும்பங்களில் ஒரு பிள்ளையின் படிப்புக்காக நகையையும் நிலத்தையும் இழந்த மாமன்மாரும், தம் பங்கை விட்டுக்கொடுத்த தம்பி தங்கையரும் எத்தனையோ பேர். கற்றுயர்ந்தோர் அவர்களை மறவாதிருப்பதும், தாம் பெற்ற உதவியைத் தம்மிற் சிறிய பிள்ளைகளுக்குச் செய்வதுமே அக்கடனைத் தீர்க்கும் வழியென்று நாம் கருதுகிறோம்.